வாக்குமூலத்தில் வராத பெயர்

வாக்குமூலம் என்றால் வாயால் சொன்னதை மட்டும் எழுதுவது. அறுபதுகளில் சிவகாசிப் பக்கம் நான் ஸ்டேஷன் ரைட்டராகச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் படித்துப் படித்துச் சொன்னது அது. நல்ல சட்டம்!

பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்துக் கருகிய ஒருவரை, இடுப்புத் தாயத்தை வைத்து அவர் மனைவி அடையாளம் காட்டினாள். அப்படி ஓர் ஆள் வேலைக்கே வரவில்லை என்றது கம்பெனி. அவளிடம் பெயர் கேட்டேன். புருஷன் பெயரை எந்தப் பொம்பளை வாயால் சொல்வாள்?

இன்ஸ்பெக்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டிருந்தவள், “ஒங்க பேருதான்யா அவுகளுக்கும்” என்றாள்.

“குறிப்பெல்லாம் செல்லாது” என்றார் இன்ஸ்பெக்டர். “பெயர் சொல்ல மறுத்தார்” என்று எழுதினேன். அநாதைப் பிணமாகப் புதைத்தார்கள்.

அந்தக் காகிதத்தின் அடியில், எழுதியவர் கையெழுத்தாக, செத்தவர் பெயர் இருக்கிறது.