ஏழாம் கல்லறையின் இடுப்பெலும்பு

என்ன வேலை என்று கேட்டால் ஜெயம் அக்கா, "எலும்பு சுத்தம் பண்றேன்" என்பார். கேட்டவர் ஒரு அடி பின்னால் போவார். அக்கா சிரிப்பார்.

வைத்திக்குப்பத்தில் மீன் விற்ற குடும்பம். பதினொரு வருடம் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் பிரிவில் உதவியாளராக இருந்தார். மாணவர்கள் கலைத்துப் போட்ட எலும்புகளை வரிசையாக அடுக்கி அடுக்கி, பாடமெல்லாம் காதுவழியாகவே பதிந்துவிட்டது. இப்போது புதுச்சேரியில் ஒரு தொல்லியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். மேற்கே செம்மண் மேட்டில் தோண்டிய இரும்புக்காலக் கல்லறைகளின் எலும்புகள் மண்கட்டியோடு அங்கே வரும். தூரிகையாலும் மூங்கில் குச்சியாலும் அந்த மண்ணை அக்கா எடுப்பார்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அட்டை இருக்கும். அதைக் குழியிலேயே, தோண்டிய அன்றே நிரப்பிவிடுவார்கள். மண்ணுக்குள் இருக்கும் எலும்பைப் பார்க்க முடியாது. ஆனால் அட்டையில் ஆண், பெண் என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விடக் கூடாது. அதனால் குழி மேற்பார்வையாளர் பலராமன், எலும்போடு கிடைத்த பொருளைப் பார்த்து எழுதுவார். ஈட்டி இருந்தால் ஆண். பாசிமணி இருந்தால் பெண். எலும்பைச் சுத்தம் செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குப் பிறகு யாரும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஏழாம் கல்லறையில் நீளமான இரும்பு ஈட்டி கிடைத்தது. கண்காட்சிக்கான பலகை அன்று மாலை அச்சுக்குப் போக வேண்டும். 'ஈட்டியோடு புதைக்கப்பட்ட போர்வீரன்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அன்று காலைதான் அந்தக் கல்லறையின் இடுப்பெலும்பு அக்காவின் கையில் முழுசாகச் சுத்தமானது. அக்கா அதைப் பார்த்தார். தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் இளஞ்செழியன் மேசைக்குப் போனார்.

"சார், இது பொம்பளை மாதிரி இருக்கு. பலகையை நிறுத்துங்க."

பக்கத்தில் இருந்த பலராமன் சிரித்தார். "ஏன் ஜெயம், அந்தம்மா ஈட்டியை எடுத்துக்கிட்டு எங்க போச்சாம், மார்க்கெட்டுக்கா?"

"எங்கம்மா தினமும் கத்தியோடதான் மார்க்கெட்டுக்குப் போச்சு. அதை யாரும் ஆம்பளைன்னு எழுதல."



"கட்டை விரலை இந்த வளைவுல வைங்க சார்," என்றார் அக்கா. எலும்பின் பின்பக்கம் வளைந்து உள்வாங்கிய இடம் அது. ஆணுக்குப் பெரும்பாலும் குறுகலாக இருக்கும், விரல் இறுகி நிற்கும். இளஞ்செழியன் விரலை வைத்தார். விரல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாராளமாக அசைந்தது.

அவர் யோசித்தார். "ஒரு எலும்பை வெச்சு முடிவு பண்ண முடியாதும்மா."

"அப்ப ஒரு ஈட்டியை வெச்சு எப்படி சார் முடிவு பண்ணீங்க?"

"எலும்பு உடம்பை மட்டும்தான் சொல்லும். அந்த ஊர்க்காரங்க அவங்கள என்னவா நெனைச்சாங்கன்னு சொல்லாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஈட்டியும் அதைச் சொல்லாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதாதீங்க. ஸ்கூல் பசங்க வந்து படிப்பாங்க. அதுதான் உண்மைன்னு நெனைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க."

தட்டை மேசையில் வைத்துவிட்டு அக்கா அங்கேயே நின்றார். அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. அவர் நகரவில்லை. கடைசியில் இளஞ்செழியன் மண்டையோட்டையும் கொண்டு வரச் சொன்னார். புருவ மேடு, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு, எல்லாம் பார்த்தார். ஆணுக்கு இருப்பதுபோல் எதுவும் பெரிதாக இல்லை. பிறகு பேனாவை எடுத்து 'போர்வீரன்' என்பதை அடித்தார். 'ஈட்டியோடு புதைக்கப்பட்டவர். எலும்புகளைப் பார்த்தால் பெண்ணாக இருக்கலாம். ஈட்டி அவருக்கு என்னவாக இருந்தது என்று தெரியவில்லை' என்று எழுதினார்.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு அலமாரியிலிருந்து மூன்றாம் கல்லறைப் பெட்டியை இறக்கினார்.

"இன்னிக்கேவா?" என்றார் பலராமன்.

"இருபத்திரண்டு பெட்டி இருக்கு. எழுதினது நீங்க. நீங்களே உட்காருங்க."

பலராமன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அட்டையைப் படித்தார். "மூணாம் கல்லறை. பாசிமணி அறுபது. பெண்."

"பெண்ணை அடிச்சிட்டு 'பார்க்கணும்'னு எழுதுங்க," என்று அக்கா தூரிகையைக் கையில் எடுத்தார்.