கபாசோ தட்டிய மூன்றெழுத்து

ண்டோலா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் மொழிபெயர்ப்பாளராக நின்ற கபாசோவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். கழுத்தின் நடுவில் ஒரு ஓட்டை, மூச்சு இனி அதன் வழியாகத்தான். குரல் போயே போய்விட்டது. "உசுரு இருக்கே, அது போதாதா?" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டு வாய் நிறையப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அது எப்பேர்ப்பட்ட குரல் தெரியுமா! கூண்டில் நிற்கிற கோழித் திருடன் பெம்பா மொழியில் "அவே" என்று முனகுவான். இல்லை, வேண்டாம், மாட்டேன், எல்லாவற்றுக்கும் பெம்பாவில் அந்த ஒரே சொல்தான். கபாசோ அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னால் கோர்ட்டே நிமிர்ந்து உட்காரும். இவ்வளவு உறுதியாகவா சொன்னோம் என்று திருடனே திரும்பிப் பார்ப்பான். ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை. ஒரு தடவை சொந்தத் தங்கை மகன் கூண்டில் ஏறித் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்கிற மாதிரி உளறினான். அந்த உளறலையும் மனிதர் அப்படியே எடுத்துச் சொன்னார். பையன் ஆறு மாசம் உள்ளே போனான். தங்கை இரண்டு வருஷம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

அந்த மனிதர்தான் இப்போது, மனைவி கசூபா பின்னிக் கொடுத்த வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, போனில் கட்டைவிரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அமுக்கிக்கொண்டிருந்தார். பெருத்த விரல். ஒன்றை அமுக்கினால் பக்கத்து எழுத்து விழும். சோளமாவுக் களியான ந்ஷிமாவை உருட்டிச் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு மழையிலிருந்து மாவு விலைக்குப் போய், அங்கிருந்து பக்கத்து வீட்டுச் சண்டைக்குப் போய்விடும். கபாசோ அப்போதுதான் மழையைப் பற்றி எழுதிய வரியை நீட்டுவார். "ஓ, சரி சரி" என்பார்கள். அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிடுவார்.

மசாலா என்ற பேட்டையின் மார்க்கெட்டில் ஜெரேயின் போன் கடைக்குப் போன அன்றுதான் அது பொறுக்க முடியாமல் போயிற்று. ஜெரே ங்கோனிக்காரன், கபாசோ பெம்பாக்காரர். பெம்பாவும் ங்கோனியும் பாட்டன் காலத்தில் வெட்டிக்கொண்டவர்கள். அதனால் இப்போது ஒருவரை ஒருவர் கிண்டலடிப்பது உரிமை. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில்கூட அந்த உரிமை உண்டு. கபாசோவும் ஜெரேயும் நாற்பது வருஷமாக இந்தக் கடனை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

"வாய்யா குரங்குதின்னி!" என்றான் ஜெரே. "என்ன, பேச்சையே காணோம்? கோர்ட்டுலயே மொத்தத்தையும் பேசித் தீத்துட்டியா?"

கபாசோவின் முகம் மலர்ந்தது. கட்டைவிரல் ஓடியது. ஆனால் அவர் எழுதி முடிப்பதற்குள் ஜெரே இரண்டு பேருக்குச் சார்ஜர் விற்று, ஒருத்தியோடு சண்டையும் போட்டுவிட்டான். கபாசோ நீட்டிய போனில், 'எலிதின்னி, உன் வீட்டு எலியெல்லாம் உன்னைக் கண்டு பயந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன' என்று இருந்தது.

"எதுக்கு இது? ஓ, அதுக்கா..." என்று சிரித்தான் ஜெரே. உப்புச்சப்பில்லாத சிரிப்பு. அது அவனுக்கே பிடிக்கவில்லை. "இது சரிப்படாது மச்சான். இப்படியே போனா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். உனக்கு ஒரு கீபோர்டு வேணும்."

போனைக் கல்லாவின் மேல் நிமிர்த்தி வைத்து, மூன்று கீபோர்டுகளை எடுத்துப் போட்டான். முதலாவது வயர் வைத்தது, தடிமனானது. மடியில் வைத்ததும் கபாசோ முகத்தைச் சுளித்தார். அம்மிக்கல்லை வைத்துக்கொண்டு யார் பேசுவது? இரண்டாவது லேசுதான், வயரும் இல்லை. ஆனால் அடியில் ரப்பர். எழுத்து விழுந்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரியவே இல்லை.

மூன்றாவது, நோட்டுப் புத்தகம் மாதிரி மெலிசு. வயர் கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனி ஸ்பிரிங். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் நிற்கும், கரண்ட் போனாலும் கவலையில்லை. மணிக்கட்டைத் தூக்க வேண்டாம், தொடையில் வைத்தபடியே அடிக்கலாம். கோர்ட்டின் பழைய டைப்ரைட்டரில் அடித்துப் பழகிய பத்து விரலும் அதன் மேல் இறங்கின. சடசடவென்று அடித்தார். கடையில் நின்ற நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் விரலை எடுக்கவே இல்லை.

"இதே மெலிசுல சத்தம் போடாததும் இருக்கு, எடுக்கவா?" என்றான் ஜெரே.

"அதையே குடுங்கண்ணே" என்றாள் கசூபா. "ரெண்டு ரூமு வீடு. நாள் முழுக்க இந்தச் சடசடயக் கேட்டா எனக்குத் தலையே வெடிச்சிடும்."

கபாசோ அவளைப் பார்த்தார். பிறகு போன் பக்கம் தலையை ஆட்டிவிட்டு அடித்தார். 'சத்தம் வேண்டும். நான் பேசத் தொடங்கினால் அது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.'

கசூபா பர்ஸைத் திறந்து காசை எண்ணினாள்.

ஜெரே போனில் வேறொன்றையும் போட்டுக் கொடுத்தான். அடித்துவிட்டு ஓரத்திலிருக்கிற பெரிய கட்டையைத் தட்டினால், போன் அதை வாய்விட்டுப் படிக்கும். படித்தது ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல். இங்கிலீஷ் என்றால் கணீரென்று படிக்கும். பெம்பாவையும் இங்கிலீஷாகவே நினைத்துக் கடித்துத் துப்பும். 'அவே'க்கு a, w, e என்று மூன்றெழுத்து அடித்தால், அது இங்கிலீஷில் வேறு ஏதோ சொல்லாம், அந்தம்மா "ஆ" என்பாள். ஜெரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னய்யா இது, வேண்டாம்னு சொல்றியா, கொட்டாவி விடுறியா? எழுத்த மாத்திப் போட்டு அவள ஏமாத்து மச்சான்."

'என் மொழியைத் தப்பாக எழுத மாட்டேன்' என்று அடித்தார் கபாசோ. வீம்பு பிடித்த மனிதர்!

அதனால் "ஆ" அப்படியே நின்றுவிட்டது. மூன்று சின்னத் தட்டு, ஒரு பெரிய தட்டு, பிறகு "ஆ". வந்தவர்கள் விழிப்பார்கள். கசூபா சமையலறையிலிருந்தே, "வேண்டாங்கறார்!" என்று குரல் கொடுப்பாள். "பாத்தியா, மொழிபெயர்ப்பாளனுக்கே ஒரு மொழிபெயர்ப்பாளி" என்பான் ஜெரே. தினம் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவான். சடசடவென்று கீபோர்டு கிளம்பினால் வீடே வாயை மூடிக்கொள்ளும். போன் பேசும். வீடு சிரிக்கும். ஐந்து மாசம் அந்த வீட்டில் மறுபடி கபாசோ பேசினார்.

பிறகு தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது.

தலைநகர் லுசாக்காவுக்குப் போனால் இன்னொரு வைத்தியம் பார்க்கலாம், உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது, பலன் கொஞ்சம்தான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் கபாசோ கீபோர்டை இழுத்துக்கொண்டார். 'லுசாக்கா வேண்டாம். இந்த ஜன்னல் பக்கம் போதும். நீ பக்கத்தில் இரு.'

"பேசாதீங்க!" என்று கத்தினாள் கசூபா. கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை லுவான்ஷாவிலிருந்து முலெங்கா மாமா வந்தார். கபாசோவின் தாய்மாமன். பெம்பாக்காரர்களுக்குத் தாய்மாமன் சொல்தான் முடிவு. எழுபத்துநாலு வயது, காது கொஞ்சம் மந்தம். அந்த வீட்டுக்கு வந்தே ஒரு வருஷமாகிறது. கூடவே உறவுக்காரர்கள் ஐந்தாறு பேர். ஜெரே இல்லை; சரக்கெடுக்க நக்கோண்டே எல்லைக்குப் போயிருந்தான்.

"வைத்தியம் இருக்குன்னு டாக்டரே சொல்லும்போது வீட்டுல போட்டு வெச்சிருந்தா ஊரு நம்மளக் காறித் துப்பும்" என்றார் மாமா. "இருந்தாலும் அவன் வாயால கேட்டுடுவோம். என்னப்பா சொல்றே? லுசாக்கா போலாமா?"

போனின் திரை கட்டில் பக்கம் திரும்பியிருந்தது. கபாசோ மடியிலிருந்த கீபோர்டைத் தட்டினார். மூன்று சின்னத் தட்டு, ஒரு பெரிய தட்டு.

"ஆ" என்றது போன்.

மாமா பதறிப்போனார். "என்ன, வலியில முனகுறானா?" என்று கசூபாவைப் பார்த்தார். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் வேண்டாம் என்று அவள் வாய் சொன்னால் இவர்கள் எழுந்து போய்விடுவார்கள்; இந்த மனிதர் அவள் கண் முன்னால், அந்த ஜன்னல் பக்கத்திலேயே போய்விடுவார். பலன் கொஞ்சம்தான் என்றாரே தவிர, இல்லை என்று டாக்டர் சொல்லவில்லையே!

"ஆமா மாமா" என்றாள். "வலிக்குதாம்."

கபாசோ மாமாவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே மறுபடி தட்டினார். "ஆ." இன்னொரு தடவை. "ஆ."

"ஐயோ பாவமே, எப்படித் துடிக்கிறான் பாரு!" என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு மேல என்ன யோசனை? நாளைக்கே கிளம்புங்க."

இங்கிலீஷில் இரண்டெழுத்து அடித்திருந்தால் போதும், அந்த வெள்ளைக்காரி கணீரென்று "நோ" என்றிருப்பாள், மாமாவுக்கும் விளங்கியிருக்கும். கபாசோவுக்கு இங்கிலீஷா தெரியாது? ஏன் அடிக்கவில்லை, ஏன் தலையைக்கூட ஆட்டவில்லை என்று கசூபாவுக்கு இன்று வரை தெரியாது. கீபோர்டை ஓரமாக வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அதை அவர் தொடவில்லை.

லுசாக்காவில் ஒன்பது நாள். இரண்டு கையிலும் ஊசி, குழாய். அவள் பையிலிருந்து கீபோர்டை எடுத்துக் கட்டிலில் வைத்துப் பார்த்தாள். விரல் அசையவில்லை. "ஏதாவது சொல்லுங்க, மூட்டாலே அப்பா. என்னத் திட்டவாவது திட்டுங்க" என்று மகள் பேரைச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் கண்ணை மட்டும் திறந்து மூடினார். பத்தாம் நாள் காலையில் அதுவும் நின்றுபோயிற்று.

அடக்கம் முடிந்த மறுநாள், சாமான்களை வெளியே எடுத்துவிட்ட கூடத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கசூபா சுவரோரம், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வந்திருந்த மகள் மூட்டாலேயின் தோளில் சாய்ந்திருந்தாள். வாசலில் நாற்காலி போட்டு முலெங்கா மாமா. ஜெரே உள்ளே நுழைந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஆனாலும் அவன் கடமை ஒன்று இருக்கிறதே. ங்கோனிக்காரன் செத்தவனைக் கேலி செய்து காட்டி வீட்டைச் சிரிக்க வைக்க வேண்டும்.

கபாசோவின் வெள்ளைத் துணியை எடுத்துத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டான். கீபோர்டை மடியில் வைத்து, போனை எதிரே நிறுத்தினான். மூக்கை விடைத்துக்கொண்டு, கபாசோ மாதிரியே பத்து விரலாலும் சடசடவென்று தட்டினான்.

கூடம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. பழக்கம். எல்லாரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள்.

ஜெரே மூக்கைத் துடைத்துக்கொண்டான். அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு, மூன்று சின்னத் தட்டு, ஒரு பெரிய தட்டு.

"ஆ" என்றது போன்.

"கேட்டீங்களா? குரங்குதின்னி மேல போயும் கொட்டாவி விடுறான்!"

பெண்கள் அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கினார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "அன்னிக்கும் இப்படித்தான்யா முனகினான்" என்றார். "வலி தாங்காம ஆ, ஆன்னு."

"முனகலா? யாரு சொன்னா?" என்று ஜெரே சிரித்துக்கொண்டே திரும்பினான். "அது 'அவே' மாமா. வேண்டாம்னு அர்த்தம். அந்த வெள்ளைக்காரிக்குச் சொல்ல வராது. இந்த வீட்டுல எல்லாருக்கும்..."

பாதியில் நிறுத்திவிட்டான். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. மூட்டாலே தோளை மெல்ல நகர்த்திக்கொண்டு தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"மருமகளே?" என்றார் மாமா.

கசூபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். போர்த்தியிருந்த துணியால் வாயை மறைக்கவில்லை. கோர்ட்டில் கேட்கிற மாதிரி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"வேண்டாம்னுதான் சொன்னாரு மாமா. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

ஜெரே கீபோர்டை மடியிலிருந்து மெல்ல இறக்கி வைத்தான். கழுத்துத் துணியை அவிழ்க்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

மாமா நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன தடவ சொன்னான்?"

"மூணு தடவ."