வேற டைப்

தம்பிக்கு நான்கு நாளாக ரத்தத்தோடு பேதி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடலில் ஏதோ கிருமி என்றார்கள். உடனே தெருவே எங்கள் நாயை முறைத்தது. அப்பா வேலை செய்த பீங்கான் கம்பெனி வாசலில் குட்டியாகக் கிடந்தது அது. பேரே பீங்கான். தம்பியின் தட்டில் வாய் வைக்கும். தம்பியும் அதன் தட்டில் வைப்பான்.

அப்போது கால்நடை மருத்துவம் படிக்கும் ஓர் அக்கா, நாய்களின் குடல் கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக வீடுவீடாக வந்துகொண்டிருந்தாள். பீங்கானின் மலத்தைக் குப்பியில் எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கேட்டு, தம்பியின் கிருமியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் நாய ஒண்ணும் பண்ணிடாதீங்க."

தம்பி தேறி வீட்டுக்கு வந்த பிறகு, அப்பாவின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. ஆங்கிலத்தில். ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம், நான்தான் படிக்க வேண்டும். "சால்மோனெல்லா, பாசிட்டிவ்" என்றேன். கொரோனா ஓய்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாசிட்டிவ் என்றால் என்னவென்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்பறம் என்னா போட்டிருக்குது?"

"தம்பியோட கிருமி ஒரு டைப்பு, இதோடது வேற டைப்பாம்."

"வேற டைப்புன்னா?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். டிவியில் புதுப்புது வகைக் கொரோனா என்று சொன்னபோதெல்லாம் பயமுறுத்தித்தானே சொன்னார்கள்?

"புதுசும்மா. முன்னத விட மோசம்."

"கேட்டீங்களா? புள்ள வேணுமா, நாயி வேணுமா?"

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்டி."

"இவ தப்பாவா படிப்பா? அப்பறம் எதுக்கு பீஸு கட்டுறீங்க?"

அன்று மாலையே அப்பா பீங்கானைச் சாக்கில் போட்டு, வண்டியில் கொண்டுபோய்ப் பெண்ணாடம் சர்க்கரை ஆலைப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்.

மறுவாரம் அக்கா வந்தாள். நாய் இல்லை என்றதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேற டைப்புன்னா, பையனுக்கு இதுகிட்டேருந்து வரலன்னு அர்த்தம்ங்க. நாய் மேல தப்பில்லன்னுதானே எழுதியிருந்தேன்!"

அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். மூன்று நாள் தேடினார். கிடைக்கவில்லை. அது கரும்பு லாரிகள் ஓயாமல் போகும் ரோடு.

தமிழில் நாலு வரி எழுதாத அந்த அக்கா மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் "நான் ஒரு எழுத்துகூட தப்பா படிக்கல" என்று, அக்கா வந்த அன்று அம்மாவிடம் கத்தினேனே, அதை நினைத்தால்தான் கூசுகிறது. "தெரியலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்பது அப்போது எனக்குத் தெரியவே தெரியாது.