டைகர் என்று சொன்னவர்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில் பதினொன்றாவது மாடியில் குடியிருக்கும் சிவநேசனுக்கு வயது அறுபத்தாறு. சுபாங்கில் ஒரு சிறிய விமானப் பராமரிப்புக் கம்பெனியின் உதிரிப்பாகக் கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் விமானம் ஏறியது நாலே தடவை. ஆனால் பழைய இரட்டை இறக்கை விமானங்கள் என்று வந்துவிட்டால், அதிலும் டி ஹாவிலண்ட் என்ற ஆங்கிலேயக் கம்பெனி தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் செய்தவை என்று வந்துவிட்டால், அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர் எவருமில்லை.

கிடங்கின் மூலையில் கரையான் தின்றது போக மிஞ்சிக் கிடந்த பாகப் பட்டியல் புத்தகங்கள்தான் அவருக்கு இந்தப் பித்தைப் பிடிக்க வைத்தவை. அந்தக் கம்பெனி தன் சின்ன விமானங்களுக்கெல்லாம் 'மோத்' என்று அந்துப்பூச்சியின் பெயரை வைத்தது. ஜிப்சி மோத் என்றால் எஞ்சினின் தலை மூக்குக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். ஃபாக்ஸ் மோத்தில் பயணிகள் பெட்டிக்குள் அடைந்திருக்க, ஓட்டுபவர் பின்னால் காற்றில் உட்கார்ந்திருப்பார். ஹார்னெட் மோத்தில் இருவரும் மூடிய அறைக்குள் அக்கம்பக்கமாக உட்காரலாம். மோத் மேஜரில் எஞ்சினைத் தலைகீழாகப் பொருத்தியிருப்பார்கள். மூக்கு வழவழவென்று சரிந்து இறங்கும். டைகர் மோத்துக்கும் அதே மூக்குதான். நேர் எதிரே நின்று பார்த்தால் மேஜரும் டைகரும் இரட்டைப் பிள்ளைகள்.

பக்கவாட்டில் பார்த்தால்தான் குட்டு உடையும். டைகரின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மேல் இறக்கையைத் தாங்கும் கம்பிகள் முன் இருக்கைக்கும் முன்னால் நிற்கும்; ஆபத்தென்றால் முன்னால் இருப்பவர் பாரசூட்டோடு எழுந்து குதிக்க வேண்டுமே. மேஜரில் அந்தக் கம்பிகள் முன் இருக்கையின் இரு பக்கமும் நிற்கும், எரிபொருள் தொட்டி தலைக்கு நேர் மேலே இருக்கும். இன்னொரு வித்தியாசம் வெளியே தெரியாது. டைகரின் உடம்பு இரும்புக் குழாய். மேஜரின் உடம்பு முழுக்க மரமும் ஒட்டுப்பலகையும். பாலிலிருந்து எடுத்த பசையால் ஒட்டியது. அந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. நம் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ இது என்ன விமானம் என்று கேட்டு வாட்ஸ்அப்பில் அவருக்குப் படங்கள் வரும். கையிலிருக்கும் தேநீர் ஆறுவதற்குள் பதில் போய்விடும். இதுவரை தவறியதே இல்லை என்பது அவர் சொல்லும் கணக்கு. 'நான் சொன்னது தப்பு' என்ற வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. ஆறு வருடத்துக்கு முன் காலமான அவர் மனைவியும் கேட்டதில்லை, ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருக்கும் மகள் ராஜினியும் கேட்டதில்லை. கௌரவம் சிலருக்குச் சட்டை மாதிரி, வீட்டுக்கு வந்ததும் கழற்றி மாட்டிவிடுவார்கள். இவர் அதைப் போட்டுக்கொண்டே தூங்கினார்.

கிள்ளானில் லோரிக் கம்பெனி வைத்திருக்கும் பக்கிரிசாமி அவரைத் தேடி வந்தது போன மார்ச்சில். ஆஸ்திரேலியாவில் ஒரு கிழவர் இறந்துபோக, அவருடைய கொட்டகையில் கிடந்த பழைய விமானம் ஒன்றைப் பக்கிரிசாமி பெட்டி பெட்டியாக இறக்கியிருந்தார். ஏதோ ஒரு மோத் என்பதற்கு மேல் விற்றவர்களுக்கும் தெரியவில்லை. பெயர்த் தகடு எப்போதோ கழன்று தொலைந்திருந்தது. டெங்கிலுக்கு அப்பால், செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கு நடுவே, அவருக்குச் சொந்தமான ஓர் ஓடுபாதை இருந்தது. அங்கே கொட்டகை போட்டு விமானத்தைப் பாகம் பாகமாகப் பூட்டி நிறுத்தி, மஞ்சள் வண்ணமும் அடித்துவிட்டார்.

"அங்கிள், பூசை போடுறோம். நீங்கதான் தேங்காய் உடைக்கணும். அப்படியே இது என்ன மோத்துன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிடுங்க" என்று அழைத்தார்.

புது லோரிக்கு எப்படியோ அப்படியே விமானத்துக்கும் செய்திருந்தார்கள். காற்றாடிக்குச் சந்தனம், குங்குமம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். சக்கரம் இரண்டே இருந்ததால் குருக்கள் கொஞ்சம் யோசித்து மூன்றாவதை வாலுக்கு அடியில் வைத்தார். இரண்டு பக்கக் கம்பிகளிலும் வாழைக்கன்று கட்டி, மேல் இறக்கையின் நடுவிலிருந்து ஆளுயரச் சாமந்தி மாலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பிகள் எங்கே நிற்கின்றன என்பது வாழையிலைக்கும் பூவுக்கும் உள்ளே மறைந்துபோயிற்று. இருநூறு பேர் கூடியிருக்க, சிவநேசனை விமானத்துக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். மஞ்சள் வண்ணம், சரிந்த மூக்கு. அவர் மைக்கை வாங்கினார்.

"டைகர் மோத். சந்தேகமே வேணாம்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வரும்போது வேலையாட்கள் ஒரு பக்கத்து வாழைக்கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டில் அரை நிமிடம் பார்வை போயிற்று. கம்பி நிற்கக்கூடாத இடத்தில் நிற்பதுபோல இருந்தது. இறக்கையும் நேராகவே போவதுபோல இருந்தது. கிட்டப் போய்ப் பார்க்க இருபது அடி நடந்தால் போதும். அதற்குள் யாரோ 'அங்கிள், ஒரு படம்' என்று கூப்பிட, அவர் திரும்பிவிட்டார். திரும்பியதில் அவருக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

ஒரு வாரம் கழித்துப் பக்கிரிசாமி போன் செய்தார். "அங்கிள், மெக்கானிக் கேக்கிறான் லா. இறக்கை எல்லாம் பிரிச்சுப் பார்த்துட்டான், ஓகே. டைகர்னு நீங்க சொன்னதால, உடம்பு இரும்புதானேன்னு அதைப் பிரிக்கல. ஆனா சீட்டுப் பக்கம் உள்ளே பலகையா தெரியுதாம். எப்படி?"

பூசைப் படத்தைச் சிவநேசன் அப்போதுதான் முகநூலில் போட்டிருந்தார்; முந்நூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

"அது உள்பக்கம் மூடுற பலகை. அதுக்குப் பின்னாடி இரும்பு இருக்கும்" என்றார்.

"சரி, நீங்க சொன்னா சரிதான்" என்று பக்கிரிசாமி வைத்துவிட்டார்.

அடுத்து வந்தது இன்னும் மோசம். முதல் பயணம் சிவநேசனுக்குத்தான் என்றார் பக்கிரிசாமி. பறப்பதற்கான அனுமதித் தாள்கள் இன்னும் வரவில்லை; என் நிலம், என் விமானம், யார் கேட்பது என்று அவர் துணிந்துவிட்டார். ரத்த அழுத்தத்தைக் காட்டிச் சிவநேசன் நழுவினார். 'அப்படின்னா உங்க மகள் வரட்டும்' என்றார் பக்கிரிசாமி. வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும்.

ராஜினி மின்தூக்கியில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வாள். "எனக்கு பயமா இருக்குப்பா. வேணாமே" என்றாள்.

"டைகர்ம்மா அது. உள்ளே முழுக்க இரும்பு. பயப்படாம ஏறு" என்றார் அவர். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மைபோலத் தோன்றியது. சின்ன வயதிலிருந்து அப்பா சொன்னால் அவளுக்கு மறுபேச்சில்லை. சரி என்று தலையாட்டினாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவள் காரில் கிளம்பினாள். முழங்கால் வலி என்று சொல்லி அவர் வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்த விமானத்தை இன்னொரு முறை பார்க்கும் தைரியம் அவருக்கில்லை. வானம் மூடிக் கிடந்தது. கீழே மோனோரயில் போய் வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பத்திரிகையை விரித்தார், ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

ஒன்பதே காலுக்கு ராஜினி ஒரு படம் அனுப்பினாள். முன் இருக்கையில் உட்கார்ந்து, தோல் தொப்பி போட்டுக்கொண்டு, பயத்தை மறைத்துச் சிரித்துத் தானே எடுத்த படம். அவள் இரண்டு தோள்களுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு கம்பி. தலைக்கு நேர் மேலே தொட்டி. பின்னால் கத்தி போல நேராக ஓடும் இறக்கை. டைகராக இருந்தால் அவள் தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும்.

மேஜர். மரம். தொண்ணூறு வருடத்துப் பசை, அதற்கு மேல் டெங்கிலின் நாலு மாத மழை.

ராஜினிக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. பக்கிரிசாமிக்கு அடித்தபோது உடனே எடுத்தார். அவர் குரலுக்குப் பின்னால் எஞ்சின் இரைந்தது.

"அங்கிள்! இப்பத்தான் ஏறுச்சு. சூப்பரா போகுது! ஸ்பீக்கர்ல போடறேன், சத்தத்தைக் கேளுங்க!"

"இறக்குங்க. உடனே இறக்கச் சொல்லுங்க. அது டைகர் இல்ல. மேஜர். உடம்பு மரம்."

"என்ன அங்கிள் ஜோக்கா? விமலன் இன்னும் குட்டிக்கரணமே போடல. டைகர்னு நீங்கதானே சொன்னீங்க, தாங்கும். மேலே போய்க்கிட்டிருக்கான்."

விமலன்தான் விமானத்தை ஓட்டியவன். ஒரு முழு வட்டம் தலைகீழாக அடித்துக் காட்டுவதாகவும், அதை வீடியோ எடுப்பதாகவும் ஏற்பாடு. அது சிவநேசனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"வேணாம்! குட்டிக்கரணம் வேணாம்! உடம்பு ரெண்டா பிளந்துடும்!"

"இருங்க அங்கிள், இருங்க. இருநூறு பேர் முன்னாடி டைகர்னீங்க. மெக்கானிக் கேட்டப்பவும் பின்னாடி இரும்புன்னீங்க. இப்ப வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு மேஜர்ங்கறீங்க. எதை நான் நம்புறது? மகள் மேலே போனதும் பயம் வந்துடுச்சு, அவ்வளவுதான். தண்ணி குடிங்க."

முப்பது வருடமாகச் சேர்த்த பேர் இப்போது சிவநேசனின் கழுத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

"நான் சொன்னது தப்பு" என்றார். அந்தப் பக்கத்து இரைச்சலில் அது அமுங்கிப்போயிற்று. மறுபடியும் கத்திச் சொன்னார். "நான் சொன்னது தப்பு! பூசை அன்னிக்கே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கம்பியைப் பார்த்தேன். பேர் கெட்டுடும்னு வாயை மூடிக்கிட்டேன். நீங்க பலகைன்னு கேட்டப்போ பொய் சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன். பக்கிரிசாமி, நான் பொய்க்காரன். என் மகளை இறக்குங்க."

ஸ்பீக்கரைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதன் தன்னைத் தானே இப்படி அசிங்கப்படுத்திக்கொள்வது சும்மா இருக்காது என்று பக்கிரிசாமிக்கு உறைத்திருக்க வேண்டும். வாக்கிடாக்கியில் அவர் கத்துவது கேட்டது. "விமலா! ஒண்ணும் பண்ணாதே! நேரா, மெதுவா இறங்கு! கரணம் வேணாம், கேக்குதா?"

பதில் வரவில்லை. எஞ்சின் சத்தம் தேய்ந்து, ஏறி, தேய்ந்தது. 'திரும்பிட்டான்' என்றார் பக்கிரிசாமி. 'தோட்டத்துக்கு மேலே இருக்கான்' என்றார். பிறகு, 'ஒரு மாதிரி ஆடுது அங்கிள்' என்றார். சிவநேசனுக்குத் தெரிந்த தெய்வப் பெயர்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை; ராஜினி, ராஜினி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு நிமிடம் அப்படிப் போயிற்று. பிறகு சக்கரம் மண்ணில் மோதும் சத்தமும், பலர் ஒரே நேரத்தில் பேசும் சத்தமும் கேட்டன.

கிராப் வாடகைக் கார் பிடித்து அவர் டெங்கிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது விமானம் கொட்டகைக்குள் இருந்தது. மெக்கானிக் இருக்கைக்கு அடியிலிருந்த பலகையைப் பெயர்த்திருந்தார். பின்னால் இரும்பு இல்லை. மூலையில் இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் திருப்புளியின் நுனியை வைத்தார், அழுத்தக்கூட இல்லை. பசை மஞ்சள் மாவாக உதிர்ந்தது. மூட்டு கையோடு பிரிந்து வந்தது. விமலன் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தான்.

ராஜினி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சிவநேசன் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை; பிடிக்கவும் இல்லை.

"பூசை அன்னிக்கே தெரியுமாப்பா?"

"சந்தேகம்தான்ம்மா..."

"இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"நான் பயமா இருக்குன்னு சொன்னேனே."

"எல்லார் முன்னாடியும் டைகர்னு சொல்லிட்டேன்ம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் எழுந்து கார்ச் சாவியை எடுத்தாள். அவரைப் பிரிக்பீல்ட்ஸில் கொண்டுவந்து விட்டாள்.

ராஜினி அவரை விட்டுவிடவில்லை. வாரம் தவறாமல் வருகிறாள், மருந்து வாங்கி வைக்கிறாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். அந்த ஞாயிறைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனால் போன மாதம் அவர் கால் வீங்கியிருந்தபோது, 'ஒண்ணுமில்லம்மா, டாக்டர் பயப்பட வேணாம்னு சொல்லிட்டார்' என்றார். அவள் சரிப்பா என்றாள். பிறகு வாசலுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, டாக்டருக்குப் போன் செய்து அப்படித்தான் சொன்னாரா என்று கேட்டாள். உள்ளே உட்கார்ந்திருந்த சிவநேசனுக்கு எல்லாம் கேட்டது.