சுருவிலுக்குப் போன குளிர்ச்சட்டைகள்

நோர்வேக்கு வந்த புதிதில், ஓர் இளவேனில் காலையில், பக்கத்து வீட்டு இங்கர் மெத்தை, கதிரை, புருசனின் காற்சட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து வாசலில் குவித்தார். சுருவிலில், எங்கள் தீவுப் பக்கத்தில், செத்தவருடைய படுக்கையும் உடுப்பும்தான் அப்படி வெளியே வரும். பாவம், மனுசன் போய்விட்டார் என்று நானும் மனைவியும் முடிவுகட்டினோம். செத்தவீட்டில் அடுப்பு எரியாது. அயலட்டைச் சனம்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். மனைவி சோறும் பருப்பும் சமைத்துத் தந்தாள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்தது செத்தவரேதான். சட்டியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை நொஸ்க் மொழியில் "வசந்தம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த வருசமும் வசந்தத்துக்குப் பருப்பு வருமா என்று புருசனும் பெண்சாதியும் கேட்டார்கள்.

பிறகுதான் டுக்னாட் பற்றித் தெரிந்தது. குடியிருப்பில் உள்ள எல்லாரும் கூடித் துப்புரவாக்கி, வேண்டாததை எறியும் நாள். சில வருசங்கள் கழித்து நாங்களும் துணிந்தோம். பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன குளிர்ச்சட்டைகள், சப்பாத்துகள், மீன் தொழிற்சாலைக்கு நான் போட்டுப்போன, வெளிச்சம் பட்டால் மினுங்கும் கைப்பட்டி வைத்த சிவப்புக் குளிர்ச்சட்டை, எல்லாவற்றையும் குப்பைத் தொட்டிவரை சுமந்தோம். எறியத்தான் கை வரவில்லை. "ஊரிலை ஆருக்கும் உதவும்" என்றாள் மனைவி. அப்பாடா என்றிருந்தது. பெட்டி பெட்டியாகக் கட்டி, சுருவிலில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினோம். வேர்த்து வழிகிற ஊரில் இதை யார் போடுவார்கள் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. எங்கள் வீடு விசாலமாகிவிட்டது, அவ்வளவுதான்.

சண்டை ஓய்ந்த சமாதானக் காலத்தில் பாதை திறந்ததும் ஊருக்குப் போனேன். அம்மாவின் ஒரே அறையில் அலுமாரி, கட்டில், யன்னல் விளிம்பு என்று எங்கும் எங்கள் உடுப்புகள். வெயிலில் காயப்போட்டு, வேப்பிலை வைத்து மடித்திருந்தார். கட்டிலில் இடமில்லாமல் அவர் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தார். வயதான காலத்தில் வெறும் நிலத்தில்! எனக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

"ஏனம்மா ஒருத்தருக்கும் குடுக்கேல்லை?"

"குடுத்தால் நீங்கள் இனி வரமாட்டியள் எண்டமாதிரிப் போயிடும், தம்பி."

நாங்கள் கழித்துவிட்டதை அவர் எங்களாகவே வைத்திருந்தார். போகுமுன் எப்படியாவது அந்தக் கட்டிலை வெறுமையாக்கி, அம்மாவை அதில் படுக்க வைத்துவிட வேண்டும் என்று நின்றேன். நான் ஒன்றை எடுத்து வெளியே வைப்பேன். அவர் அதை எடுத்து உள்ளே வைப்பார். அவரோடு மல்லுக்கட்ட ஏலாது என்று விட்டுவிட்டேன்.

புறப்படுவதற்கு முதல்நாள், கடலுக்குப் போகிற அந்தோனி அண்ணை வழியனுப்ப வந்தார். விடியப்புறக் காற்று நெஞ்சுக்குள் இறங்குகிறதென்று இருமிக்கொண்டே சொன்னார். அம்மா அவருடைய மெல்லிய சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அந்தச் சிவப்புச் சட்டையை எடுத்துவந்து, அவருக்குப் போட்டு, கழுத்துவரை ஸிப்பை இழுத்துப் பூட்டிவிட்டார்.

"மற்றதுகளையும் கொண்டுபோய்ப் பெடியளுக்குக் குடும். கடலிலை குளிருமல்லோ."

அன்றிரவு அம்மா கட்டிலில் படுத்தார். விடியப்புற இருட்டில், வேலணைப் பக்கம் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்குமுன், என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். அந்தோனி அண்ணையின் வள்ளம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கரையில் யாரோ ரோச் வெளிச்சம் அடிக்க, சிவப்புச் சட்டையின் கைப்பட்டி பளிச்சென்று மினுங்கியது.

அம்மா கையை உயர்த்தி அசைத்தார். வள்ளம் மறையும்வரை அசைத்தார். "கவனமாப் போயிட்டு வா, தம்பி" என்றார் கடலைப் பார்த்து. அந்தோனி அண்ணையை அவர் ஒருநாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. நான் பயணப்பையோடு அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன்.