மாமிக்குச் சொன்ன வேண்டாம்

கொஞ்ச நாளாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணவில்லையே என்று மெயில் போட்டவர்களுக்கெல்லாம் நன்றி. காரணம் இப்போது என் மடியில் நித்திரை கொள்கிறாள். ஒற்றைக் கையால் டைப் பண்ணுகிறேன்... எழுத்துப் பிழை இருந்தால் அவளோடு சண்டை போடுங்கள்!

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறதல்லவா? எந்த வீட்டுக்குப் போனாலும், ‘தேத்தண்ணி போடட்டோ?’ என்று கேட்டால் உடனே ‘ஓம்’ சொல்லக்கூடாது. ‘வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறம்’ என்று சொல்ல வேண்டும். தொண்டை காய்ந்து கிடந்தாலும்தான்! அவர்கள் திரும்பக் கேட்பார்கள். மூன்றாம் தரம்தான், ‘சரி, சீனி குறைச்சுப் போடுங்கோ.’

இப்படி வளர்ந்த என்னைக் கொண்டுபோய் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிரசவ அறையில் படுக்க வைத்தால்?

நேர்ஸ் நல்ல பெண். சிரித்த முகம். வந்து, எபிடியூரல் வேணுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள் — முதுகில் போடுகிற ஊசி, போட்டால் நோவோ வலியோ தெரியாதாம். எனக்கோ வயிற்றை ஈரத்துணி மாதிரி யாரோ பிழிகிறார்கள். ஆனால் இந்த வாய் இருக்கிறதே... ‘நோ நோ, ஐ ஆம் ஓகே’ என்றது.

‘ஓகே!’ என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

இரண்டாம் தரம் கேட்கவே இல்லை! நான் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் நின்ற என் கணவர் குகன் இங்கே பிறந்தவர். ‘பட்... யூ செட் நோ!’ என்கிறார். அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

ஊசியை விடுங்கள். எனக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு அம்மா. என் அம்மா மன்னாரில். விசா கிடைக்கவில்லை. மல்வேர்னில் இருக்கிற மாமி, அதாவது குகனின் அம்மா, அதற்கு முதல் நாள் போனில் கோல் எடுத்து, ‘பிள்ளை, நானும் உள்ளுக்கு வந்து நிக்கட்டோ?’ என்று கேட்டார்.

‘வேண்டாம் மாமி, உங்களுக்கேன் கரைச்சல்’ என்றேன். திரும்பக் கேட்பார் என்ற நம்பிக்கைதான்!

‘சரி பிள்ளை, உம்மட விருப்பம்’ என்று வைத்துவிட்டார். மாமியும் கனடாக்காரி ஆகிவிட்டார் என்று நினைத்துக் கொஞ்சம் அழுதேன்.

நோ ஏற ஏறப் பயம் வந்தது. செத்துப்போவேனோ என்கிற பயம். வெட்கத்தை விட்டு ‘ஊசி வேணும்’ என்று கேட்டபோது, நேர்ஸ் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பிள்ளை வரப்போகிறதாம், இனி ஊசிக்கு நேரமில்லையாம்.

‘குகன், எனக்கு மாமி வேணும்! இப்பவே வேணும்!’

கத்திய கத்து அடுத்த அறைக்கும் கேட்டிருக்கும். குகன் போனை எடுத்தார். மல்வேர்னில் பஸ் பிடித்து எப்போது வந்து சேர்வார்? அடுத்த நோவுக்குக் கண்ணை மூடினேன். அது அடங்கித் திறந்தால்... மாமி நிற்கிறார்! வின்டர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.

‘எப்பிடி மாமி...?’

‘விடியத் தொடக்கம் கீழதான் பிள்ளை இருந்தனான். நீர் உள்ளுக்கு வரவேண்டாம் எண்டுதானே சொன்னனீர்? கீழ இருக்கிறதுக்கு ஒண்டும் சொல்லேல்லையே!’

சிரிப்பதா, அழுவதா? இரண்டும் வந்தது. மாமி என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். கலியாண நாளிலிருந்து ‘நீர்’ போட்டே மரியாதையாகக் கதைக்கிற மனிசி, ‘கத்தடி பிள்ளை, நல்லாக் கத்து! நான் இருக்கிறன்’ என்றார்.

அந்த ‘அடி’யில் எனக்குப் பயம் போய்விட்டது. கத்தினேன். மகள் வந்தாள்.

சூடாக, வழுக்கிக்கொண்டு, என் நெஞ்சில் கிடந்து அவள் அழுதபோது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அழுதோம். பிறகு வட்ஸ்அப்பில் அம்மாவுக்குக் காட்டினோம். அம்மா போன் திரையைத் தடவித் தடவி அழுதார். ‘சம்பந்தி, நான் பக்கத்தில நிண்டனான், நீங்கள் யோசிக்காதேங்கோ’ என்று மாமிதான் சொன்னார்.

எல்லாம் அடங்கிய பிறகு மாமி ஜாக்கெட் ஸிப்பை மேலே இழுத்தார். ‘அப்ப நான் வெளிக்கிடட்டோ, பிள்ளை?’

அவருடைய கையை எட்டிப் பிடித்துக்கொண்டு, ‘வேண்டாம் மாமி’ என்றேன்.

என் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான வேண்டாம்!