"பதினேழு வந்தாச்சா?"

என்று தன்னையே கேட்டபடி, மரவள்ளிக்கிழங்கு உரித்த கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஃபோனை எடுக்கிறார் விலிமைனா அக்கா. "மூணு இருக்கு, டிவி. ஏழு இருக்கு, சின்னவ லேப்டாப்பு. ஒம்பது, வாசல் கேமரா." வீட்டு வைஃபையில் என்னென்ன இருக்கின்றன என்று ரவுட்டர் காட்டும் பட்டியல் அது. மணிக்கு ஒரு தடவை ஆஜர் எடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

எங்கள் தீவில், லெவுகா மீன் ஆலையில் டின்னின் அடியில் அச்சான எண்களைப் படித்தே இருபது வருடம் ஓட்டியவர். ஐபி முகவரியெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா? பக்கத்து வீட்டுக்காரன் எனக்குத்தான் தலை சுற்றியது. "முன்னாடி இருக்கறது குடும்பப் பேரு தம்பி, வீட்ல எல்லாத்துக்கும் ஒண்ணுதான். கடைசி நம்பர்தான் ஆளு," என்றார். ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் எல்லா 'ஆளும்' எழுதியிருக்கிறது. பதினேழு, அவர் கணவர் எப்பெலியின் ஃபோன். மாறாமல் இருக்க ரவுட்டரிலேயே ஒதுக்கிவைத்த எண். சிம்முக்கு ரீசார்ஜ் செய்யும் பழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது. வீட்டு வைஃபை ஒன்றுதான் கதி. வீடு கடலை ஒட்டியது. மீன்பிடிக்கப் போன அவர் படகு துறையைத் தொட்டதும் பட்டியலில் பதினேழு எழும், அக்கா தேங்காய்ப்பாலை அடுப்பில் ஏற்றுவார்.

போன வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றுக்கு வரவேண்டிய பதினேழு, மூன்று மணியாகியும் வரவில்லை. காற்று பிடித்துக்கொண்டது. கூடப் போன இரண்டு படகும் திரும்பிவிட்டன. அக்கா அழவில்லை, பட்டியலை இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்.

திடீரென்று முப்பத்தொன்று என்று ஒன்று எழுந்தது. பெயரும் இல்லை. "எவனோ ஓசியில ஒட்டிக்கிட்டான், இந்த நேரம் பாத்து," என்று பல்லைக் கடித்தவர் அதைத் தடுத்துவிட்டார். அத்தனை நேரம் அடக்கிவைத்த பயமெல்லாம் அந்த ஒரு பொத்தானில் இறங்கியது.

இரண்டு நிமிஷம் இருக்கும். துறைப்பக்கமிருந்து ஒரு குரல். "ஏய் விலி, வந்துட்டேன்னு மெசேஜ் போட விடாம ஏண்டி நெட்ட புடுங்குன?"

அப்பாடா! எஞ்சின் நின்று, எப்பெலி ஒரு சின்னத் தீவின் மறைவில் ஒதுங்கியிருந்தாராம். அணைத்துப்போட்ட ஃபோன், முன்பே இறங்கியிருந்த அப்டேட்டை ஏற்றிக்கொண்டு எழுந்து, ரவுட்டரிடம் பழைய அடையாளத்தைச் சொல்லாமல் புதிதாக ஒன்றைச் சொல்லியிருக்கிறது. ரவுட்டரும் யாரோ அந்நியன் என்று வேறு எண் கொடுத்துவிட்டது.

"திருடன்னு நெனச்சேன்யா," என்று அவர் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அக்கா அப்போதுதான் அழுதார். பிறகு அடுப்பைப் பற்றவைத்தார். ஃப்ரிட்ஜுக்குப் போய்ப் பென்சிலை எடுத்தார். பதினேழை அடிக்கவில்லை. பக்கத்தில் முப்பத்தொன்று என்று எழுதி, இரண்டையும் சேர்த்து ஒரே வட்டம் போட்டார்.